பிளஸ் ஒன் வகுப்புக்கு மூன்று நாள் வேண்டும்

பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு போய்விட்டது. 2025 ஆகஸ்ட் 8-ஆம் தேதி மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்ட தமிழக அரசு, 2025-26 கல்வியாண்டிலேயே அந்தத் தேர்வை நீக்கியது. வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் 2017-18-இல் அந்தத் தேர்வு எதற்காக வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. பிளஸ் ஒன் புத்தகத்தைத் திறக்காமலே, பிளஸ் டூ பாடத்தை இரண்டு ஆண்டும் உருப்போட வைத்த பள்ளிகள் அப்போது ஏராளம். தேர்வு இல்லை என்றானதும் அதே பழக்கம் மீண்டும் தலைதூக்கும் என்ற அச்சம் நியாயமானது. கிடைத்திருக்கும் ஓராண்டை எதற்குச் செலவிடப் போகிறோம் என்று அரசு இப்போதே சொல்லாவிட்டால், மதிப்பெண் வேட்டை அதை விழுங்கிவிடும்.

செங்கல்பட்டு மாவட்டத்துக்காக நாம் வைக்கும் கோரிக்கை இது: அரசு மேல்நிலைப் பள்ளி, அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் பிளஸ் ஒன் வகுப்பு, ஒரு பிள்ளை விடாமல், மூன்று பகல் இரண்டு இரவு சொந்த மாவட்டத்துக் கடற்கரையில் முகாமிட வேண்டும். அது விடுமுறையைத் தின்னாமல் பள்ளி வேலை நாட்களில் நடக்க வேண்டும். பெற்றோரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

மதுராந்தகம், திருக்கழுக்குன்றம், செய்யூர்ப் பக்கத்து கிராமத்திலிருந்து மேல்நிலைப் பள்ளிக்கு வரும் ஒரு பிள்ளையின் நாளைப் பாருங்கள். பள்ளி தொடங்கும் முன்பே சிறப்பு வகுப்பு. அதற்காக விடிந்ததும் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தவறவிட்டால் அரசு கொடுத்த சைக்கிளை மிதிக்க வேண்டும். தமிழ்த்தாய் வாழ்த்து, ஒரு குறள், செய்தி வாசிப்பு; பிறகு மணிக்கு மணி பாடம். வாரத்தில் ஒன்றிரண்டு பி.டி. பீரியட் இருக்கும். அதையும் 'போர்ஷன் முடியல' என்று கணக்கு ஆசிரியரோ இயற்பியல் ஆசிரியரோ கேட்டு வாங்கிக்கொள்வார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. தேர்ச்சி விகிதம் குறைந்தால் ஆய்வுக் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். மாலையில் மறுபடி சிறப்பு வகுப்பு. இருட்டிய பிறகு வீடு. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனின் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று தெரியாமலே இரண்டு ஆண்டு ஓடிவிடுகிறது.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். 1984-இலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள ஊர். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தது இங்கேதான். 2022-இல் 44-ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்ததும் இங்கேதான். உலகமே வந்து பார்த்துவிட்டுப் போகிறது. இதே மாவட்டத்தில் படிக்கும் பிள்ளைக்கு இந்த ஊர் சமூக அறிவியலில் இரண்டு மதிப்பெண் வினாவாக வந்து, தேர்வோடு மறந்தும் போகிறது.

சுற்றுலா அழைத்துப் போகவில்லையா என்று கேட்பார்கள். போகிறார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று பணம் கேட்கும்போதே கொடுக்க முடியாத பிள்ளை 'அன்னிக்கு ஊர்ல விசேஷம்' என்று சொல்லி விலகிக்கொள்ளும். போனவர்கள் வெண்ணெய் உருண்டைப் பாறையைத் தாங்கிப் பிடிப்பதுபோல் படம் எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் ஐந்து ரதத்தைச் சுற்றிவிட்டு, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். இதைப் படிப்பு என்று சொல்ல மனம் வரவில்லை.

கலைத் திருவிழா இருக்கிறது. 2022-23-இல் பள்ளிக் கல்வித் துறை அதைத் தொடங்கியபோது மனமாரப் பாராட்டினோம், இன்றும் பாராட்டுகிறோம். பறையும் கரகமும் அரசுப் பள்ளி மேடைக்கு வந்தது அதனால்தான். வாயே திறக்காத பிள்ளை வில்லுப்பாட்டில் குடத்தைத் தட்டிப் பாடியதைப் பார்த்து ஆசிரியர்களே வியந்துபோனார்கள். ஆனால் அது போட்டி. பள்ளியிலிருந்து வட்டாரம், வட்டாரத்திலிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து மாநிலம் என்று ஏற ஏற ஆள் குறைந்துகொண்டே போகும். கடைசியில் கலையரசன், கலையரசி பட்டம் சிலருக்கு. முதல் சுற்றிலேயே வெளியேறிய பெருங்கூட்டத்துக்கு அடுத்த ஆண்டு வரை கலை என்று எதுவும் இல்லை. பயிற்றுவிப்பவர்களின் நிலையும் சொல்லத்தக்கதாக இல்லை. 2012-இல் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல் கற்பிக்க 16,549 பகுதி நேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு, வாரத்தில் மூன்று அரை நாள் வேலைக்கு அரசு எடுத்தது. ஊதியம் பிறகு உயர்ந்தாலும், பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் எத்தனையோ முறை தெருவில் உட்கார்ந்துவிட்டார்கள். கலையைக் கொண்டாடும் துறை, கலை ஆசிரியரை அரை நாள் ஆளாக வைத்திருப்பது பெரும் அநீதி.

முகாம் நடத்த முடியுமா என்ற சந்தேகத்துக்கு நாட்டு நலப்பணித் திட்டமே விடை. 1969-இல் தொடங்கிய திட்டம் அது. அதில் சேர்ந்த பிளஸ் ஒன் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு கிராமத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் ஏழு நாள் தங்கி, கோயிலில் உழவாரப்பணி செய்து, குளக்கரையைத் துப்புரவாக்கி, மரக்கன்று நட்டுவிட்டு வருகிறார்கள். வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிப் பாய் விரித்துத் தூங்குகிறார்கள். ஊர்க்காரர்கள் ஒருவேளைச் சாப்பாடு போடுகிறார்கள். அந்த ஏழு நாளை ஆயுசுக்கும் மறக்காத பழைய மாணவர்கள் எந்த ஊரிலும் உண்டு. குறை ஒன்றுதான்: அலகில் இடம் கிடைத்தவர்களுக்கே முகாம். மீதிப்பேர் வீட்டில்.

மூன்று நாளில் என்ன கற்றுக்கொள்ள முடியும்? மாமல்லபுரத்தின் மேற்கே பிடாரி ரதங்கள் என்று இரண்டு நிற்கின்றன. சுற்றுலாப் பேருந்து அந்தப் பக்கம் போவதில்லை, ஏனென்றால் அவை முடிக்கப்படாத வேலை. மேலே விமானம் உருவாகி நிற்கிறது. கீழே பாறை பாறையாகவே கிடக்கிறது. ஒற்றைக்கல் ரதத்தை மேலிருந்து கீழாகச் செதுக்கினார்கள் என்ற வரியைப் பத்து முறை எழுதிப் பார்த்த பிள்ளை, இந்தக் கல்லின் முன்னால் அரைமணி நேரம் நின்றால் போதும், அது ஏன் அப்படி என்று தானே சொல்லிவிடும். அரைகுறையாக நின்றுபோன குடைவரைகளில் பாறையைக் கட்டம் கட்டமாக வெட்டி, இடையில் உள்ளதை உடைத்தெடுத்த தடம் அப்படியே தெரிகிறது. அங்கிருந்து கிருஷ்ண மண்டபத்துக்கு வந்தால், பால் கறக்கும்போது கன்றை நக்கிக்கொடுக்கும் பசு. வீட்டில் மாடு வைத்திருக்கும் பிள்ளைக்கு அந்தச் சிற்பியின் கண் எவ்வளவு கூர்மையானது என்று எவரும் விளக்க வேண்டியதில்லை. பெருந்தவச் சிற்பத்தில் நின்றபடி தவம் செய்யும் பூனையையும் அதன் காலடியில் உள்ள எலிகளையும் காகிதத்தில் வரைய ஒரு காலைப்பொழுது வேண்டும். அதைத்தான் நாம் கேட்கிறோம்.

பிறகு சிற்பப் பட்டறைகள். புவிசார் குறியீடு பெற்ற கற்சிற்பத் தொழில் இது. காவியில் கோடு போட்டு உளி பிடிக்கும் சிற்பியிடம் கூலி எவ்வளவு, மெஷின் வந்த பிறகு என்ன மாறியது, கல்தூசு மூச்சை என்ன செய்கிறது என்று பிள்ளைகள் கேட்கட்டும். 1957-இல் தொடங்கிய அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி இதே ஊரில் இருக்கிறது. பொறியியல், நர்சிங், பி.காம். தவிர வேறு வழி தெரியாத மாணவன் அதன் வாசலையாவது ஒருமுறை மிதிக்க வேண்டும்.

இரண்டாம் நாள் கடலுக்கு. சாளுவன்குப்பத்தில் 2004 ஆழிப்பேரலை மணலை அரித்தபின், தொல்லியல் துறை 2005-இல் தோண்டி வெளிக்கொணர்ந்த முருகன் கோயில் இருக்கிறது. கீழே பழைய செங்கல் கட்டுமானம், அதன்மேல் பல்லவர் காலக் கருங்கல், முன்னால் ஒரு கல் வேல். இன்று பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு 2004 டிசம்பர் 26 அவர்கள் பிறப்பதற்கு முந்தைய செய்தி. தேவனேரி, கொக்கிலமேடு மீனவக் குப்பங்களில் அன்று காலையில் கடலைப் பார்த்தவர்கள் இன்னும் வலை பின்னிக்கொண்டிருக்கிறார்கள். தெற்கேயிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம் தெண்டி, வடக்கேயிருந்து தெற்கே ஓடுவது வன்னி என்று அவர்கள் சொல்லித்தருவார்கள். குப்பத்துக்கு முன்னால் ஏன் கரை அரிக்கிறது என்பது அந்த இரண்டு நீரோட்டத்தோடும் சேர்ந்த கணக்கு. ஜனவரி, பிப்ரவரியில் முகாம் வைத்தால் பங்குனி ஆமை முட்டையிடும் காலம். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின; பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்தது. கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் இழுவைப் படகு மீன்பிடிக்கக் கூடாது என்ற விதி இருந்தும் ஏன் இப்படி என்று விவாதிக்க, அந்த மணலைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது.

வடநெம்மேலியில் 1978-இலிருந்து இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நாட்டுக்கே விஷமுறிவு மருந்துக்கான நஞ்சை எடுத்துக் கொடுக்கும் சங்கம். அதன் உறுப்பினர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். இருளர் பிள்ளை வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. அதன் தாத்தாவுக்குத் தெரிந்தது உயிரியல் புத்தகத்தில் இல்லை. முகாமில் அந்தப் பிள்ளை முன்னால் நடக்கும், மற்றவர்கள் பின்னால் நடப்பார்கள். குப்பத்துப் பிள்ளைக்கும் சிற்பி வீட்டுப் பிள்ளைக்கும் அப்படியே. இந்த முகாமை நாம் இவ்வளவு வற்புறுத்துவதற்கு முதல் காரணம் இதுதான்.

சேர்ந்து சாப்பிடுவதும் பாடம்தான். 2021-இல் இதே மாமல்லபுரத்தில், கோயில் அன்னதானப் பந்தியில் நரிக்குறவர் பெண் ஒருவரை உட்கார விடவில்லை என்ற செய்தி மாநிலத்தையே உலுக்கியது. அமைச்சர் வந்து அவரோடு அமர்ந்து சாப்பிட்டார். முதல்வர் அவர் வசித்த பூஞ்சேரிக்கு வந்து பட்டா கொடுத்தார். பதினாறு வயதில் மூன்று நாள் ஒரே பந்தியில் உட்கார்ந்து, முறை வைத்துப் பரிமாறி, ஒரே அறையில் பாய் போட்டுப் படுத்த பிள்ளைகள் நாளை அப்படியொரு பந்தியை நடத்தமாட்டார்கள் என்று நம்புகிறோம். இரவில் கூத்து வேண்டும். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில், பெ. ராஜகோபால் பிள்ளைகளுக்குக் கூத்துப் பயிற்சியையும் பள்ளிப் பாடத்தையும் சேர்த்தே கொடுத்தார். ஒன்று மற்றதைக் கெடுக்காது என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது.

எதிர்வாதங்களில் கனமானது பாதுகாப்பு. 2023 பிப்ரவரியில் விளையாட்டுப் போட்டிக்குப் போன புதுக்கோட்டை மாவட்ட அரசுப் பள்ளி மாணவியர் நால்வர், கரூர் மாயனூரில் காவிரியில் மூழ்கி இறந்தார்கள். அந்தப் பெற்றோரின் துயரத்தை மறந்துவிட்டு எவரும் முகாம் பற்றிப் பேசக் கூடாது. மாமல்லபுரம் கடல் பொல்லாதது. கரையருகே இழுப்பு அதிகம், ஒவ்வோர் ஆண்டும் இளைஞர்களைக் காவு வாங்குகிறது. எனவே விதி கறாராக இருக்க வேண்டும்: கடலில் இறங்கவே கூடாது, கரையில் இருக்கும் நேரமெல்லாம் ஊதியம் பெற்ற உள்ளூர் மீனவர்கள் உடன் நிற்க வேண்டும், மாணவியருக்குத் தனிக் கட்டடம், பெண் ஆசிரியர்கள், இரவு முழுவதும் பெண் காவலர். விபத்து நடந்தால் தலைமையாசிரியரை மட்டும் பணியிடை நீக்கம் செய்துவிட்டுக் கோப்பை மூடும் வழக்கமும் போக வேண்டும். முகாமுக்கு அனுமதி கொடுத்த அதிகாரிதான் முதலில் பொறுப்பு. பயந்து எல்லாவற்றையும் தடை செய்வதால் பிள்ளைகள் கடலிலிருந்து தப்புவதில்லை. கடலைப் பற்றி எதுவும் தெரியாமல் நண்பர்களோடு பைக்கில் வந்து இறங்குகிறார்கள்.

பாடம் பாதிக்கும் என்பதில் சாரமில்லை. ஆண்டில் மூன்று நாள். ஜப்பானில் மேல்நிலைப் பள்ளி வரை ஒவ்வொரு கட்டத்திலும் வகுப்பே சேர்ந்து வெளியூரில் தங்கும் கல்விப் பயணம் உண்டு. கியோட்டோவுக்கும் ஹிரோஷிமாவுக்கும் சீருடையில் போகும் அந்தப் பிள்ளைகள் படிப்பில் பின்தங்கிவிடவில்லை.

செலவு? பாடநூல், சைக்கிள், பஸ் பாஸ், காலை உணவு என்று கொடுத்துப் பழகிய அரசு இது. தங்குவதற்குக் கடலோர ஊர்களின் பள்ளிக் கட்டடங்கள் போதும். ஒரு சிறு முட்டுக்கட்டையைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதத்தையும் பார்க்க 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. அதைத் தாண்டினால் 40 ரூபாய். பிளஸ் ஒன் பிள்ளை அந்த வயதைத் தாண்டி நிற்கிறது. மாவட்டத்துப் பள்ளி முகாம்களுக்கு இந்தக் கட்டணத்தை இந்தியத் தொல்லியல் துறை முழுதாக நீக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் நடக்கும் நாட்டிய விழாவில் ஒரு மாலையைச் சுற்றுலாத் துறை பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். முகாமின் கலைப் பொறுப்பை முழு நாள் ஊதியத்தோடு பகுதி நேர ஆசிரியர்களிடம் கொடுக்க வேண்டும்.

மாவட்ட ஆட்சியரும் முதன்மைக் கல்வி அலுவலரும் நினைத்தால், சென்னையிலிருந்து ஆணை வரும்வரை காத்திருக்காமல் பத்துப் பள்ளிகளில் தொடங்கிவிடலாம். தலைமையாசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுக்களும் இதைத் தீர்மானமாகப் போட்டு அனுப்ப வேண்டும். அடுத்த கல்வியாண்டின் நாள்காட்டி அச்சுக்குப் போவதற்குள் இந்த மூன்று நாள் அதில் ஏறியாக வேண்டும்.