இளைக்கலாம், எலும்பை விட்டுவிடலாமா?

'உடம்பு பூசினாற்போல இருந்தால் எலும்பும் கெட்டியாயிருக்கும்' என்று எங்கள் ராசிபுரம் பக்கம் இன்னமும் பேசிக்கொள்கிறார்கள். கனத்தைத் தாங்கித் தாங்கி எலும்பு ஓரளவு கெட்டிப்படும் என்பது நிஜம்தான். ஆனால், குண்டானவர்களுக்கு ரத்தத்தில் வைட்டமின் 'டி' பெரும்பாலும் குறைவு. அது இல்லாவிட்டால், சாப்பிடுகிற கால்சியம் உடம்பில் சரியாகச் சேராது.

இதைவிடக் கொடுமை, இளைக்கிறேன் பேர்வழி என்று சிலர் செய்யும் காரியம். என் மூத்த ஓரகத்திக்கு வயது 47. காலையில் வெறும் டீ, ராத்திரி பட்டினி. பாலும் தயிரும் கொழுப்பாம்! முட்டைக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில் இருந்துகொண்டு, மஞ்சள் கருவைத் தூக்கி எறிவார். முட்டையில் 'டி' இருப்பதே அந்த மஞ்சளில்தான். 9 கிலோ குறைந்தார். பாத்ரூமில் லேசாக வழுக்கியதற்கே மணிக்கட்டு முறிந்துவிட்டது. எடையோடு எலும்புச் சத்தும் போய்விட்டதாக டாக்டர் சொன்னார். மாதவிலக்கு நிற்கிற வயதில் எலும்பு தானாகவே தேயும். பட்டினி வேறு எதற்கு?

குறைக்க வேண்டியது அரிசியையும் ஜவ்வரிசியையும். சேலத்து ஜவ்வரிசி ஊரெல்லாம் போகிறது, பெருமைதான். ஆனால், மாவுச்சத்தைத் தவிர அதில் பெரிதாக என்ன இருக்கிறது? 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம். அரிசியில் 10 தேறுவதே கஷ்டம். களி தின்றால் கவுரவக் குறைச்சல் என்றுவிட்டு, மாத்திரைக்குக் காசு கொடுக்கிறோம்.

சோற்றைப் பாதியாக்கி, ஒரு வேளை களியும் கீரையும், ஒரு டம்ளர் மோர், ஒரு முழு முட்டை சாப்பிடுங்கள் தோழிகளே. வடகம் காயப்போடுகிற சாக்கில் மொட்டை மாடி வெயிலில் கொஞ்சம் நடங்கள். வடகத்தை மட்டும் அளவாகப் பொரியுங்கள்!

- ஒரு இல்லத்தரசி, ராசிபுரம்.