பதிவேட்டைத் துடைத்தால் கணிப்பொறி வேகம் பெறுமா?

வீட்டில் விண்டோஸ் கணிப்பொறி வைத்திருக்கும் மாணவர்களில் பலர் இந்தக் காட்சியைக் கண்டிருப்பீர்கள். "உங்கள் கணிப்பொறியில் 1,126 பிழைகள் உள்ளன! உடனே சரிசெய்யுங்கள்!" என்று திரையில் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை தோன்றும். கீழே ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் பிழைகள் யாவும் நீங்கும், கணிப்பொறி புதியதுபோல் ஓடும் என்பது வாக்குறுதி. இப்படி வாக்களிப்பவை 'ரெஜிஸ்ட்ரி கிளீனர்' என்னும் துப்புரவு மென்பொருள்கள். இவற்றில் சில இலவசம். வேறு சில, பிழைகளை இலவசமாக எண்ணிக் காட்டிவிட்டு, அவற்றை நீக்குவதற்குப் பணம் கேட்பவை.

இவற்றால் நன்மையா, தீமையா? என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். வீட்டுக் கணிப்பொறிக்கு இவை தேவையில்லை. இவற்றால் கிடைக்கும் நன்மை, அளந்து காட்ட முடியாத அளவுக்குச் சிறியது. நேரக்கூடிய தீமையோ, வீட்டிலுள்ள எல்லோரையும் பாதிக்கக்கூடியது. நான் சொல்கிறேன் என்பதற்காக இதை ஏற்க வேண்டாம். காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பதிவேடு என்பது என்ன?

பழைய நாட்களில் கணிப்பொறியில் இயங்கிய ஒவ்வொரு மென்பொருளும் தன் அமைப்புகளைத் தனித்தனிக் கோப்புகளில் எழுதி வைத்தது. இவை வட்டு முழுவதும் சிதறிக் கிடந்தன. இவற்றை ஓரிடத்தில் தொகுத்து வைக்க எழுந்ததே ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேடு. 1992-ஆம் ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 3.1-ல் அது சிறிய அளவில் தோன்றியது. 1995-ஆம் ஆண்டின் விண்டோஸ் 95-ல் முக்கிய இடத்தைப் பெற்றது. எந்த வகைக் கோப்பை எந்த மென்பொருள் திறக்க வேண்டும், எந்த அச்சுப்பொறி இணைக்கப்பட்டுள்ளது, கணிப்பொறி விழித்தெழும்போது எவையெவை தாமாக இயங்க வேண்டும் என்பன போன்ற விவரங்கள் எல்லாம் இதில் அடங்கும். இன்றைய கணிப்பொறி ஒன்றில் இத்தகைய பதிவுகள் பல லட்சம் உண்டு. இவை ஒரு மரத்தைப் போல, கிளை, கிளைக்குள் கிளை என்று வகைப்படுத்தப்பட்டுள்ளன.

இதைப் புரிந்துகொள்ள ஒரு நூலகத்தை எண்ணிப் பாருங்கள். பழைய நூலகங்களில் அட்டைப் பட்டியல் ஒன்று இருக்கும். சிறு சிறு இழுப்பறைகளில் நூலுக்கு ஓர் அட்டை வீதம் அகர வரிசையில் அடுக்கியிருப்பார்கள். நூல் எந்த அலமாரியில் உள்ளது என்பதை அட்டை கூறும். கணிப்பொறிக்குப் பதிவேடு இப்படிப்பட்ட ஓர் அட்டைப் பட்டியல்தான்.

குப்பை சேர்வது உண்மையே

ஒரு மென்பொருளை நிறுவிப் பின்னர் நீக்கினால், அதைப் பற்றிய பதிவுகள் சில பதிவேட்டில் தங்கிவிடுவது உண்டு. நூல் தொலைந்த பிறகும் அட்டை மட்டும் பட்டியலில் இருப்பதைப் போன்றது இது. துப்புரவு மென்பொருள் இத்தகைய பதிவுகளைத் தேடி எண்ணுகிறது. ஆகவே, "தேவையற்ற பதிவுகள் உள்ளன" என்று அது கூறுவதில் பொய் இல்லை. "அவற்றால்தான் கணிப்பொறி மெதுவாகிறது" என்று அடுத்துக் கூறுகிறதே, அங்கேதான் தவறு நேர்கிறது.

நீங்கள் 'வானியல்' என்ற தலைப்பில் நூல் தேடுகிறீர்கள். 'வா' என்று எழுதிய இழுப்பறையை நேராகச் சென்று இழுக்கிறீர்கள். 'சமையல்' இழுப்பறையில் பயனற்ற அட்டைகள் ஐம்பது கிடந்தால் உங்களுக்குத் தாமதம் ஆகுமா? ஆகாது. அவற்றை நீங்கள் தொடவே இல்லை. விண்டோஸும் பதிவேட்டை முதலிலிருந்து கடைசிவரை படிப்பதில்லை. வேண்டிய பதிவின் முகவரியைப் பிடித்துக்கொண்டு, கிளை வழியே நேராக அங்கே செல்கிறது. யாரும் கேட்காத பதிவு யாரையும் தடுப்பதில்லை.

இடத்தை அடைத்துக்கொள்கிறதே என்று கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போடுவோம். பயனற்ற பதிவுகள் 1,000 உள்ளன என்றும், ஒவ்வொன்றும் 200 பைட்டுகள் என்றும் கொள்வோம். மொத்தம் 2 லட்சம் பைட்டுகள். கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே இதைப்போலப் பல மடங்கு இடம் வேண்டும். 8 ஜிகாபைட் நினைவகம் என்பது சுமார் 800 கோடி பைட்டுகள். அந்தப் பதிவுகள் முழுவதும் நினைவகத்தில் ஏறி அமர்ந்தாலும், அதில் 40,000-ல் ஒரு பங்கைத்தான் அடைக்கும். இதை நீக்கி வேகம் பெறலாம் என்பது, லாரியின் பாரத்தைக் குறைக்க ஓட்டுநரின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுப்பது போன்றது.

அப்படியானால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் இதற்குச் சிறிதளவு நியாயம் இருந்தது. விண்டோஸ் 95 வெளிவந்தபோது 4 மெகாபைட் நினைவகத்திலும் அது இயங்கும் என்றார்கள். அவ்வளவு சிறிய இடத்தில் ஒவ்வொரு பைட்டும் கணக்கில் சேரும். விண்டோஸ் 2000 வரையில் பதிவேட்டின் மொத்த அளவுக்கு ஒரு வரம்பும் இருந்தது. 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி வந்தபோது அந்த வரம்பு நீங்கியது. காரணம் மறைந்துவிட்டது; வழக்கம் மட்டும் தங்கிவிட்டது.

தீமை எப்படி வருகிறது?

மீண்டும் நூலகத்துக்கே வருவோம். ஆர்வமிக்க உதவியாளர் ஒருவர் அலமாரியைப் பார்க்கிறார். நூல் அங்கே இல்லை. உடனே அதன் அட்டையைக் கிழித்துவிடுகிறார். ஆனால் அந்த நூல் பைண்டிங்குக்குப் போயிருக்கலாம். வாசகர் ஒருவர் இரவல் பெற்றிருக்கலாம். நூல் திரும்பி வரும்போது அட்டை இராது. துப்புரவு மென்பொருளின் நிலையும் இதுவே. ஒரு பதிவு குறிப்பிடும் கோப்பு இப்போது வட்டில் இல்லை என்பதை அது அறியும். இல்லாததற்குக் காரணம் என்ன என்பதை அறியாது. நீங்கள் கழற்றி வைத்திருக்கும் வெளி வட்டில் அந்தக் கோப்பு இருக்கலாம். ஊகித்துத்தான் நீக்குகிறது. ஊகம் 999 முறை சரியாகி ஒரு முறை தவறினாலும், அந்த ஒன்று அச்சுப்பொறியை முடக்கலாம். ஒரு மென்பொருளைத் திறக்கவிடாமல் செய்யலாம். கணிப்பொறியையே எழவிடாமல் தடுக்கலாம்.

விண்டோஸை உருவாக்கிய மைக்ரோசாஃப்ட் நிறுவனமே 1990-களில் 'ரெக்கிளீன்' என்ற துப்புரவுக் கருவியை வழங்கியது. பின்னர் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இத்தகைய மென்பொருள்களைப் பயன்படுத்துவதைத் தான் ஆதரிப்பதில்லை என்றும், அவற்றால் வரும் சிக்கல்களைத் தீர்க்க முடியும் என்று உறுதி கூற இயலாது என்றும் அந்நிறுவனம் அறிவித்துள்ளது. முன்பு விண்டோஸ் தானாகவே பதிவேட்டின் நகல் ஒன்றை எடுத்து வைக்கும். 2018-ல் வந்த விண்டோஸ் 10-ன் 1803 பதிப்பிலிருந்து அந்த வழக்கமும் இயல்பாக நடப்பதில்லை. கீழே வலை இல்லாமல் கயிற்றின் மேல் நடப்பானேன்?

இன்னொரு அபாயமும் உண்டு. பதிவேட்டைத் திருத்தும் மென்பொருளுக்கு நாம் வீட்டின் எல்லா அறைச் சாவியையும் கொடுத்துவிடுகிறோம். சீகிளீனர் என்பது உலகெங்கும் புகழ்பெற்ற துப்புரவு மென்பொருள். 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் அதன் 5.33 பதிப்புக்குள் விஷமிகள் தீய நிரல் ஒன்றை நுழைத்துவிட்டனர். நிறுவனத்தின் உண்மையான மின் கையொப்பத்துடனேயே அது வெளிவந்தது. 22 லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளில் அந்தப் பதிப்பு நிறுவப்பட்டிருந்தது. கவனமுள்ள நிறுவனத்துக்கே இது நேர்ந்தது என்றால், பெயர் தெரியாத மென்பொருள்களை என்னவென்று சொல்வது?

பயமுறுத்திப் பணம் பறிப்பவர்களும் இருக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டில் ஆஃபீஸ் டெப்போ, சப்போர்ட்.காம் என்ற இரண்டு நிறுவனங்கள், அமெரிக்க அரசின் வணிக ஆணையம் தொடுத்த வழக்கில் சமரசமாக மொத்தம் 3 கோடியே 50 லட்சம் டாலர் செலுத்த ஒப்புக்கொண்டன. வழக்கு, 'கணிப்பொறி உடல்நலச் சோதனை' என்ற மென்பொருளைப் பற்றியது. கணிப்பொறி மெதுவாக உள்ளதா, அடிக்கடி நின்றுபோகிறதா என்பன போன்ற கேள்விகள் தொடக்கத்தில் இருக்கும். அவற்றில் எதற்கேனும் 'ஆம்' என்று குறியிட்டால் போதும். சோதனை என்ன கண்டாலும் கோளாறு இருப்பதாகவே முடிவு வரும் என்பது ஆணையத்தின் குற்றச்சாட்டு. நோயாளி "தலைவலி" என்று சொன்னதையே எழுதிக்கொடுத்துவிட்டு, எக்ஸ்ரேயில் தெரிந்தது என்று கூறும் வைத்தியரைப் போன்றதல்லவா இது?

"எங்கள் வீட்டில் வேகம் கூடியதே!"

இப்படிச் சிலர் கூறுவீர்கள். அதையும் அலட்சியம் செய்யக் கூடாது. துப்புரவு முடிந்ததும் கணிப்பொறியை 'ரீஸ்டார்ட்' செய்யும்படி அந்த மென்பொருள்கள் பொதுவாகக் கேட்கும். விண்டோஸ் 8 முதல் ஒரு மாற்றம் வந்துள்ளது. பல கணிப்பொறிகளில் நாம் 'ஷட் டவுன்' செய்யும்போது இயக்க அமைப்பின் மையப் பகுதி முழுவதும் அணைவதில்லை. அதன் நிலை வட்டில் எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் அப்படியே எடுக்கப்படுகிறது. 'ரீஸ்டார்ட்' செய்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். தினமும் அணைத்தும் பல வாரங்களாகப் புதிதாகத் தொடங்காத கணிப்பொறி, அன்று புதிதாகத் தொடங்குகிறது. அதனால் வந்த சுறுசுறுப்புக்குத் துப்புரவு மென்பொருள் பெயர் தட்டிச் செல்கிறது.

ஆகவே, அளந்து பாருங்கள். கடிகாரம் ஒன்று போதும். கணிப்பொறியை ரீஸ்டார்ட் செய்து, நுழைவுத் திரை தோன்றும்வரை ஆகும் நேரத்தைக் குறியுங்கள். எதையும் மாற்றாமல் ஐந்து முறை இப்படிச் செய்யுங்கள். ஐந்து விடைகளும் ஒன்றாக இரா. சில வினாடிகள் கூடும், குறையும். இந்த இயல்பான ஏற்ற இறக்கத்தை விட அதிகமாக மாறினால்தான் 'வேகம் கூடியது' என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. ஒப்பிட ஏதும் இல்லாத சோதனை சோதனையே ஆகாது.

மெதுவான கணிப்பொறிக்கு உண்மையான காரணங்கள் வேறு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருங்கே அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். தொடக்கத்தில் தாமாக இயங்கும் மென்பொருள்களின் பட்டியல் அதில் உண்டு, வேண்டாதவற்றை நிறுத்தலாம். நினைவகம் நிரம்பியுள்ளதா, வட்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சுழலும் வட்டு ஓரிடத்தைத் தேடிப் பிடிக்கச் சுமார் 10 மில்லிவினாடி ஆகும், சுழலாத எஸ்.எஸ்.டி. வட்டுக்கு அதில் நூறில் ஒரு பங்கு நேரமே போதும். பழைய கணிப்பொறிக்கு உயிர் கொடுப்பது இந்த மாற்றம்தான். காற்றாடியில் படிந்த தூசியையும் மறக்க வேண்டாம்.

பதிவேட்டைத் தொடவே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. அரைகுறையாக நீங்கிய ஒரு மென்பொருள் மறுபடி நிறுவவிடாமல் தடுக்கலாம். அப்போது, விவரம் தெரிந்த ஒருவர், முதலில் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, காரணமான அந்த ஒரு பதிவை மட்டும் நீக்கலாம். முள் குத்திய இடத்தில் ஊசியால் முள்ளை எடுப்பது வைத்தியம். உடம்பெல்லாம் ஊசியால் கிளறுவது வைத்தியம் ஆகாது.

அடுத்த முறை அந்தச் சிவப்பு எச்சரிக்கை தோன்றும்போது, "1,126 பிழைகள்" என்ற எண்ணைக் கண்டு மலைக்காதீர்கள். "எதை எண்ணினாய்? அதனால் எவ்வளவு தாமதம்? அளந்தாயா?" என்று கேளுங்கள். அதனிடம் விடை இராது. அந்த வீட்டுக் கணிப்பொறியில்தான் அப்பாவின் கணக்குகளும், அக்காவின் ஆய்வேடும், பாட்டியின் புகைப்படங்களும் இருக்கின்றன. விடை சொல்லத் தெரியாத ஒன்றின் கையில் அவற்றின் சாவியைக் கொடுக்க வேண்டியதில்லை.