சாலையில் ஓடும் சாயக்கழிவு

நம் பக்கத்தில் ஒரு விசித்திரமான வீரம் உலவி வருகிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்குவது. வாங்கிய மறு வாரமே அதை ஒர்க்‌ஷாப்பில் ஏற்றி, புகையைச் சுத்தம் செய்வதற்காகக் கார் கம்பெனி அடியில் பொருத்தியிருக்கும் பெட்டியை அறுத்தெடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெறும் குழாயைப் பற்றவைப்பது. பிறகு பல்லடத்திலிருந்து பொங்கலூர் வழியாகக் காங்கயம் வரை திருச்சி ரோடே அதிரும்படி ஓட்டிப் போவது. இதுதான் அந்த வீரம். இதற்கு ரசனை என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். நான் இதை அயோக்கியத்தனம் என்கிறேன்.

அறுத்தெறியும் பொருள் இன்னதென்று முதலில் தெரிந்துகொள்வோம். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்பது அதன் பெயர். உள்ளே தேன்கூடு போல நுண்ணிய துளைகளுடன் ஒரு பீங்கான் கட்டி; அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய உலோகங்களின் மெல்லிய பூச்சு. என்ஜின் கக்கும் கார்பன் மோனாக்சைடு அதற்குள் நுழைந்து கரியமில வாயுவாக வெளிவருகிறது. எரியாமல் தப்பிய பெட்ரோல் ஆவி கரியமில வாயுவும் நீராவியும் ஆகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் சாதுவான நைட்ரஜனாகின்றன. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆனால் நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும் சுபாவம் அதற்கு உண்டு.

1995 ஏப்ரல் முதல் டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு இந்தப் பெட்டி கட்டாயமாயிற்று. ஈயம் அதன் பூச்சைக் கெடுத்துவிடும் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தது. 2000 பிப்ரவரியில் நாடெங்கும் ஈயப் பெட்ரோலுக்கே விடை கொடுத்தோம். இவ்வளவு ஏற்பாடு செய்து காப்பாற்றிய ஒரு சாதனத்தை அரை மணி நேரத்தில் அறுத்து, பழைய இரும்புக்காரரிடம் நல்ல விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்!

கேட்டால் என்ன சொல்கிறார்கள்? பெட்டி என்ஜினின் கழுத்தை நெரிக்கிறதாம். ஒழுங்காக இருக்கும் பெட்டி தின்னும் சக்தி சொற்பம். அடைத்துக்கொண்ட பெட்டிதான் வண்டியை மூச்சுத் திணற வைக்கும். அது ஏன் அடைத்தது? பெரும்பாலும் என்ஜினின் கோளாறுதான் காரணம். பிளக் சரியாகப் பொறி தராமல் பச்சைப் பெட்ரோல் பெட்டிக்குள் போய் எரிந்திருக்கும், பீங்கான் உருகியிருக்கும். அல்லது தேய்ந்த ரிங்குகளின் வழியே ஆயில் கசிந்து புகைந்திருக்கும். அந்தக் கோளாறைத் தீர்க்காமல் பெட்டியைக் கழற்றுவது, காய்ச்சல் என்று சொன்ன வைத்தியரைத் தெருவில் தள்ளிக் கதவடைப்பதற்குச் சமம்.

சான்றிதழ் இருக்கிறதே என்று சிலர் மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டுகிறார்கள். பெட்ரோல் காருக்கான அந்தச் சோதனை நின்ற இடத்தில் என்ஜினை ஓடவிட்டுச் செய்வது. நைட்ரஜன் ஆக்சைடை அது அளப்பதேயில்லை. காகிதம் சுத்தமாயிருந்தால் காற்றும் சுத்தமாகிவிடுமா? பெரிய கம்பெனிகளும் இந்த வித்தையில் தேர்ந்தவைதாம். சோதனை நடக்கும்போது மட்டும் ஒழுக்கமாக நடந்துகொள்ளும்படி டீசல் கார்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்த வோக்ஸ்வாகன் 2015-ல் அமெரிக்காவில் பிடிபட்டது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அந்தத் தந்திரம் இருந்தது. நம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-ல் அந்தக் கம்பெனிக்கு 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அன்று அந்தக் கம்பெனியை வாய் நிறையத் திட்டியவர்களில் எத்தனை பேர் தங்கள் ஷெட்டில் நிற்கும் வண்டியின் அடியைக் குனிந்து பார்த்தார்கள்?

பொங்கலூர்ப் பக்கத்து இளைஞர் ஒருவர் இவ்விஷயமாக என்னோடு வாதாடினார். பனியன் தொழிலில் இருக்கும் குடும்பம். மரியாதை தெரிந்த பிள்ளை. "ஏனுங்க, ரோட்டுல போற லாரியெல்லாம் கரும்புகை கக்குது. என்ற ஒரு காருலயா ஊரு கெட்டுப்போயிரும்?" என்றார்.

இந்தக் கேள்வியை நான் முன்பும் கேட்டிருக்கிறேன், வேறு வாய்களிலிருந்து. நொய்யலில் சாயம் கலந்தபோது ஒவ்வொரு பட்டறைக்காரரும் சொன்னது இதைத்தான்: என் ஒரு பட்டறைத் தண்ணீரிலா ஆறு கெட்டுவிடும்? 1992-ல் பாசனத்துக்கென்று கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தேக்கமாயிற்று. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். கழிவு ஒரு சொட்டும் வெளியேறக்கூடாது என்று உத்தரவு வந்த பின்னும் அது நிற்கவில்லை. கடைசியில் 2011 ஜனவரி 28-ந் தேதி சென்னை உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொல்லிவிட்டது. ஒழுங்காக நடந்தவனும் அன்று கதவைச் சாத்தினான். "ஒன்று"களைக் கூட்டினால் வருவதுதான் ஐயா ஊர்! லாரிக்காரன் செய்வது குற்றம் என்றால் அவனைப் பிடிக்கச் சொல்லுங்கள். நானும் கூட வருகிறேன். அவன் திருடுகிறான் என்பது நீங்கள் திருடுவதற்கு லைசென்ஸ் ஆகாது.

பழைய கார் மீதுள்ள பிரியத்தை நான் பழிக்கவில்லை. பிறக்கும்போதே பெட்டி இல்லாமல் பிறந்த கார்களையும் குறை சொல்லவில்லை. இருந்ததை அறுத்தெறிவதைத்தான் சொல்கிறேன். வேகம் வேண்டுமென்றால் செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயர் தாங்கிய பந்தயத் தளம் இருக்கிறது. அங்கே போய் ஆசை தீர ஓட்டுங்கள். பெட்டி உண்மையிலேயே பழுதென்றால் என்ஜினைச் சரிசெய்து, புதிய பெட்டி போடுங்கள். அதற்குப் பணமில்லை என்பவருக்கு அந்தக் காரை வைத்துக்கொள்ளவும் பணமில்லை என்றுதான் பொருள்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. காற்று மாசுத் தரத்தை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் உண்டென்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. காகிதத்தைப் பார்த்தது போதும். வண்டியின் அடியையும் கொஞ்சம் பாருங்கள். அறுத்துக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பையும் விட்டுவிடாதீர்கள்.

விடியற்காலையில் பனியன் கம்பெனி வேனுக்காகத் திருச்சி ரோட்டோரம் பெண்கள் காத்து நிற்கிறார்கள். நாள் முழுதும் பஞ்சுத் தூசியைச் சுவாசிக்கப் போகிறவர்கள் அவர்கள். இந்த ரசிகருடைய ரசனைக்கான செலவில் ஒரு பங்கை அவர்களுடைய நெஞ்சில் கட்டிவிட்டுப் போக இவருக்கு யார் உரிமை கொடுத்தது?