முறுக்கும் மறுமுறுக்கும்

சில சொற்கள் மொழிபெயர்ப்பாளனுக்குக் கடன்காரர்கள் மாதிரி. கணக்குத் தீர்ந்தது என்று நிம்மதியாக இருக்கும்போது வாசலில் வந்து நிற்கும். 'டார்க்' அப்படி ஒரு சொல். முறுக்குவிசை என்றும் எழுதுகிறார்கள், திருப்புவிசை என்றும் எழுதுகிறார்கள். எதைப் போட்டாலும் படிப்பவர் மனதில் ஏதாவது சுழலுமா என்ற சந்தேகம் எனக்கு உண்டு. அதைத் தீர்த்துவைத்தது டில்லியில் ஒரு நீச்சல் குளம்.

எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற வங்காளப் பொறியாளர் ஒருவர் இருக்கிறார். நான் அவரை 'தாதா' என்றுதான் கூப்பிடுவேன். (வங்காளத்து அர்த்தத்தில், அண்ணன். பம்பாய் அர்த்தத்தில் அல்ல.) ஒன்றரை வருடம் உழைத்து, ரேடியோ மூலம் இயக்கும் நீர்மூழ்கி மாதிரி ஒன்றைச் செய்திருந்தார். நீளம் 1.2 மீட்டர், எடை 12 கிலோ, பின்னால் ஒரே ஒரு புரொப்பெல்லர். வெள்ளோட்டத்துக்கு என்னையும் அழைத்தார்.

நீர்மூழ்கி அழகாக மூழ்கியது. தாதா வேகத்தைக் கூட்டினார். அதுவரை நிமிர்ந்து சென்றது, தூக்கம் வந்தவர் போல இடது பக்கம் சாய்ந்தது. பதற்றத்தில் சுக்கானை இடப்பக்கம் திருப்பினார். அது திரும்புவதற்குப் பதிலாக மூக்கைக் கீழே குத்திக்கொண்டு குளத்தின் தரையில் மோதியது. ஒன்றரை வருட உழைப்பின் மூக்கில் விரிசல்.

நடந்தது இதுதான். புரொப்பெல்லர் தண்ணீரை ஒரு பக்கமாகச் சுழற்றினால், தண்ணீர் புரொப்பெல்லரையும், அதன் வழியாக நீர்மூழ்கியின் உடலையும் மறுபக்கம் முறுக்குகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி. பின்னாலிருந்து பார்க்கும்போது புரொப்பெல்லர் கடிகாரத் திசையில் சுழன்றால், உடல் இடப்புறம் சாயும். சுமார் 30 டிகிரி சாய்ந்துவிட்டால் சுக்கான் தரும் விசையில் பாதி, மேலோ கீழோ தள்ளுவதில் செலவாகிவிடும். தாதாவின் சுக்கான் கீழே தள்ளியது.

சாதாரணக் கப்பலுக்கு இந்தத் தொல்லை அதிகம் இல்லை. அது சாயும்போது ஒரு பக்கம் கூடுதலாக மூழ்கும். அந்தப் பக்கத்தைத் தண்ணீர் தூக்கி நிறுத்தும். முழுதும் மூழ்கிய உருளைக்கு அந்த உதவி கிடையாது. எப்படிப் புரண்டாலும் அது ஒதுக்கும் தண்ணீர் ஒரே அளவுதான். அடியில் இருக்கும் எடைதான் அதற்கு ஒரே துணை.

மாதிரிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 37 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் நீர்மூழ்கியை 50ல் ஒரு பங்காகச் சிறிதாக்கினால், கணக்குப்படி அதன் வேகம் ஏழில் ஒரு பங்காக, மணிக்கு 5 கிலோமீட்டர் அளவுக்குக் குறைய வேண்டும். அதாவது நடை வேகம். குளக்கரையில் நிற்பவர்களுக்கு அது போதுமா? வேகத்தை இரண்டு மடங்காக்குகிறார்கள். முறுக்குவிசை சுமார் நான்கு மடங்காகிறது.

"இரண்டு புரொப்பெல்லர் போடப்போகிறேன். ஒரே அச்சில், எதிரெதிராகச் சுழலும்" என்றார் தாதா. ஒன்றின் முறுக்கை மற்றது தீர்த்துவிடும். முன்னது வீணாகச் சுழற்றிவிட்ட தண்ணீரிலிருந்து பின்னது கொஞ்சம் ஆற்றலை மீட்கவும் செய்யும். மெல்லிய உருளையான டார்பீடோவுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. நம் கடற்படையின் காமோவ் ஹெலிகாப்டர்களிலும் இதே தத்துவம்தான். தலைமேல் இரண்டு சுழலிகள் எதிரெதிராகச் சுழல்வதால் வாலில் விசிறி தேவையில்லை.

ஆனால் எதுவும் இலவசம் இல்லை. குழாய் போன்ற வெளி அச்சு, அதற்குள் இன்னொரு அச்சு, திசை மாற்றப் பல்சக்கரங்கள், தண்ணீர் புகாமல் காக்கக் கூடுதல் அடைப்புகள். உராய்வு கூடும், சத்தம் கூடும், கசியும் இடமும் கூடும். குளத்து நீர்மூழ்கிக்குக் கசிவைவிடப் பெரிய எதிரி இல்லை.

அமெரிக்கக் கடற்படையே இதைச் சோதித்துப் பார்த்தது. 1953ல் நீரில் இறக்கிய சோதனை நீர்மூழ்கி 'அல்பகோர்' பின்னாளில் எதிர்ச்சுழல் புரொப்பெல்லர்களுடன் ஓடியது. 1967ல் பணியில் சேர்ந்த அணுசக்தி நீர்மூழ்கி 'ஜாக்'கும் அப்படித்தான். அடுத்து வந்த வகைகளில் ஒற்றைச் சுழலிக்கே திரும்பினார்கள். பணத்துக்குப் பஞ்சமில்லாதவர்கள் எடுத்த முடிவு அது.

இதைத் தாதாவிடம் சொன்னேன். முகம் சுருங்கியது. ஆனால் பொறியாளர் அல்லவா, காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். அவருடைய நீர்மூழ்கியின் எடை மையம், மிதப்பு மையத்துக்கு வெறும் அரை சென்டிமீட்டர்தான் கீழே இருந்தது. 2 கிலோ பேட்டரிகளை 3 சென்டிமீட்டர் இறக்கினால் அது ஒரு சென்டிமீட்டராகும். நிமிர்த்தும் சக்தி இரட்டிப்பாகி, 30 டிகிரிச் சாய்வு 15க்குள் அடங்கிவிடும். வேகத்தையும் பத்தில் மூன்று பங்கு குறைத்தால் 7 டிகிரிதான்.

"இதற்குப் பல்சக்கரமே வேண்டாமே!" என்றார், சற்று ஏமாற்றத்துடன்.

அடுத்த ஞாயிறன்று, ஒட்டுப்போட்ட மூக்குடன் அது மீண்டும் குளத்தில் இறங்கியது. லேசாக இடப்பக்கம் சாய்ந்தது, சாய்ந்தபடியே நேராகப் போனது, சொன்ன இடத்தில் திரும்பியது. குளத்தைச் சுற்றி நின்ற சிறுவர்கள் கைதட்டினார்கள். அந்தச் சிறு சாய்வு யார் கண்ணிலும் படவில்லை, தாதாவைத் தவிர.

எதிர்ச்சுழலி மோசமான யோசனை அல்ல. டார்பீடோவுக்கு அது தேவை. வேகமே குறி, உடல் மெலிது, எடையை அடியில் இறக்க இடம் இல்லை என்றால் வேறு வழி குறைவு. ஆனால் பேட்டரியை இறக்கிப் பார்ப்பதற்கு முன்பே பல்சக்கரம் தேடிப் போவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். கெட்டிக்காரத்தனமான தீர்வு கையில் இருக்கும்போது சாதாரணத் தீர்வு கண்ணில் படுவதில்லை.

என் பிரச்சினையும் தீர்ந்தது. இனி நான் 'முறுக்குவிசை' என்றே எழுதுவேன். தாதாவின் மேஜையில் எதிர்ச்சுழலி வரைபடம் இன்னும் விரிந்துதான் கிடக்கிறது. அடுத்த நீர்மூழ்கிக்காம்.