அறிக்கை அலமாரியில், காடு நெருப்பில்!

இயற்கைச் சீற்றத்துக்கு யார் என்ன செய்ய முடியும் என்று கைவிரிப்பது ஆட்சியாளர்களின் வழக்கம். ஆஸ்திரேலியக் காட்டுத் தீ விஷயத்தில் இந்தச் சாக்கு செல்லாது என்கிறோம்.

அந்நாட்டு அரசுகளே கேட்டு வாங்கிய கார்னோ அறிக்கை 2008லேயே என்ன சொன்னது? தீப் பருவம் முன்னதாகவே தொடங்கும், உக்கிரம் கூடும், 2020க்குள் இது கண்கூடாகத் தெரியும் என்றது. 2019 ஏப்ரலில் தீயணைப்பு, அவசர உதவித் துறைகளின் முன்னாள் தலைவர்கள் 23 பேர் எச்சரித்தார்கள். பிரதமர் மாரிசனைச் சந்திக்க நேரம் கேட்டார்கள். அவர் சந்திக்கவில்லை.

2019-20 கோடையில் காடுகள் பற்றி எரிந்தன. 33 பேர் மாண்டார்கள்; அவர்களில் 9 பேர் தீயை அணைக்கப் போனவர்கள். 3,000க்கு மேற்பட்ட வீடுகள் சாம்பலாயின. புகைக்குப் பலியானோர் 400க்கு மேல் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

ஒரு சந்திப்பு தீயை அணைத்திருக்குமா என்று கேட்பார்கள். அணைத்திராது. ஆனால் அவர்கள் கேட்க வந்தது உபசாரமல்ல. தண்ணீர் கொட்டும் பெரிய விமானங்கள்!

பணம் ஒதுக்காமல் விஞ்ஞானத்தைப் பாராட்டுவது ஏமாற்று வேலை. எந்தச் சிபாரிசு அமலாயிற்று, எது தூங்குகிறது, ஏன் தூங்குகிறது என்று ஆண்டுதோறும் மக்கள் முன் கணக்கு வைக்கட்டும்!