பாவு பிணைக்கும் இடம்

போன வாரம் ஆரணியில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு பெண் நீட்டிய போனில் ஆறு வரி படித்தேன். அப்பா பட்டு நெய்கிறார். மகள் எம்.காம். முடித்துவிட்டு அந்தச் சேலைகளை வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிறாள். ஒவ்வொரு சேலைக்கும் படத்தோடு பத்து வரியாவது எழுதிப் போட வேண்டும். உட்கார்ந்தால் முதல் வரி வரமாட்டேன் என்கிறது. அதனால் சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்கியிருக்கிறாள். "எப்படி இருக்குது சித்தப்பா?" என்றாள்.

தமிழில் பிழை இல்லை. காலத்தால் அழியாத பாரம்பரியமும் நவீன நேர்த்தியும் கைகோக்கும் ஆரணிப் பட்டு என்று ஆரம்பித்து, ஒவ்வோர் இழையும் ஒரு கதை சொல்கிறது என்று போய், வாழ்வின் பொன்னான தருணங்களில் முடிந்திருந்தது. 'ஆரணி' என்ற சொல்லைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு மறுபடி படிக்கச் சொன்னேன். படித்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. "தர்மாவரம்னு போட்டாலும் சரியாத்தான் இருக்கும். திருபுவனம்னு போட்டாலும்... காஞ்சிபுரம்னு போட்டாலும்."

காஞ்சிபுரம் என்ற பேச்சு காதில் விழுந்ததும் உள்ளே தறிச் சத்தம் நின்றது. "நாம நெய்யறதுக்குத்தான் வேற ஊர் பேரைப் போடறாங்க. எழுதறதுக்குமா?" என்றார் அவள் அப்பா, என் அண்ணன், தறிக்குழியிலிருந்து எழுந்திருக்காமலே.

அந்தக் கேள்வியின் பாரம் ஆரணிக்காரர்களுக்குத் தெரியும். ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 1999-ல் வந்த சட்டத்தின் கீழ் பதிவான பெயர் அது. காஞ்சிப் பட்டைவிட எடை குறைவு, விலையும் கைக்கு எட்டும். ஆனால் எந்தத் தெருவில் கேட்டாலும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: இங்கே நெய்தது பெருநகரத்துக் கடைக்குப் போய்ச் சேரும்போது காஞ்சிபுரம் ஆகிவிடுகிறது. பெயர் இழந்து பழகிய ஊர். அப்படிப்பட்ட ஊரின் பெண் தன் சேலையைப் பற்றி எழுதும் முதல் வரியும் எந்த ஊருக்கும் பொருந்துவதாக இருந்தால், அது எனக்கு வலிக்கிறது.

அவள் அந்த இயந்திரத்தைக் கேட்டதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. முதல் வரிக்கு முன்னால் திகைத்து நிற்காதவர் எழுதுகிறவர்களில் யாரும் இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு, அண்ணாமலைக்கும் ஆற்காட்டுக்கும் நடுவே ஒரு சின்ன ஊரில், "இப்படி ஆரம்பிக்கலாமா?" என்று கேட்க அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? 2022 நவம்பர் 30-ஆம் தேதி சாட்ஜிபிடி வெளியானபோது, ஒரு நெசவாளி வீட்டுப் பெண்ணுக்கு இப்படி ஒரு துணை கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. கிடைத்தது நல்லது. அந்தத் துணையிடம் எதைக் கொடுத்து எதை வாங்குவது என்பதுதான் எனக்குப் பேச்சு.

அவள் கொடுத்தது ஒரே வரி: ஆரணிப் பட்டுச் சேலைக்குக் கவர்ச்சியான முன்னுரை வேண்டும். அந்த இயந்திரம் கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று பழகிக்கொண்டது. அதிகம் பேர் நடந்த தடத்தில்தான் அதன் கால் போகும். பட்டு என்றால் பாரம்பரியம், சேலை என்றால் நேர்த்தி. அது படித்ததில் ஆங்கிலம் மிகுதி, தமிழ் கொஞ்சம். ஆகவே ஆங்கில விளம்பரத்தின் பேச்சு தமிழ் எழுத்தில் வந்து இறங்குகிறது. இழை கதை சொல்லும் என்று அந்தத் தெருவில் யாரும் பேசிக் கேட்டதில்லை. இழை அறுந்துபோச்சு, இழை ஓடலை, இழை சிக்கிக்கிச்சு என்பார்கள்.

பொதுவாக இருப்பதுகூடப் பரவாயில்லை. நடுவே இன்னும் இரண்டு வரி இருந்தது. காவிரிக் கரையில் பிறந்த கலை என்று ஒன்று. ஆரணியில் ஓடுவது கமண்டல நாகநதி. தூய தங்க ஜரிகை என்று இன்னொன்று. அதைப் படித்ததும் நான் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

ஜரிகை விஷயத்தில் ஊர் எவ்வளவு கவனமாகப் பேசும் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. அசல் ஜரிகை என்றால் பட்டு நூலின் மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றி அதற்குத் தங்க முலாம் போட்டது. ஹாஃப் ஃபைன் என்பதில் வெள்ளியின் இடத்தில் செம்பு வந்துவிடும். டெஸ்டட் அதற்கும் கீழே. ஜரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்து வருகிறது. மூன்றும் தறியில் பார்க்கும்போது பளபளவென்றுதான் இருக்கும். அதனால் வாங்குகிறவரிடம் வாயைத் திறந்து எது என்று சொல்லித்தான் விற்க வேண்டும். அந்தச் சேலையில் இருந்தது ஹாஃப் ஃபைன். அவள் பொய் எழுத நினைக்கவில்லை. ஜரிகையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லாமல் விட்டதால், இருந்த பள்ளத்தை இயந்திரம் தங்கத்தால் நிரப்பிவிட்டது. வாங்கியவர் நாளைக்கு உரசிப் பார்த்தால் தலைகுனியப்போவது சாட்ஜிபிடி இல்லை, குழியில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்.

எனக்கு அங்கே நன்னூல் ஞாபகம் வந்தது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இலக்கணம். அவர் சமணர். ஆரணிக்குத் தெற்கே போளூர்ப் பக்கம் திருமலையில் நேமிநாதர் மலையோடு மலையாக நிற்கிறார் அல்லவா, அந்த மரபின் பிள்ளை. எழுத்துக்கும் சொல்லுக்கும் போவதற்கு முன்னால் பாயிரம் என்றால் என்ன என்று ஒரு பகுதியே எழுதிவைத்திருக்கிறார். எவ்வளவு விரிந்த நூலானாலும் பாயிரம் இல்லாவிட்டால் நூலாகாது என்கிறார். பெரிய நகரத்துக்குக் கோபுரம் மாதிரி அது என்கிறார். கவர்ச்சியான முன்னுரை வேண்டும் என்று இன்று நாம் கேட்பதை அவர் மறுக்கவே இல்லை.

ஆனால் அதில் என்ன இருக்க வேண்டும் என்று கணக்குச் சொல்கிறார். செய்தவர் பெயர், அது வந்த வழி, அது வழங்கும் எல்லை, அதன் பெயர், எதற்குப் பின் எது என்ற தொடர்ச்சி, சொல்லவந்த பொருள், கேட்கிறவர் யார், அவருக்கு என்ன பயன். எட்டு. காலம், களம், காரணம் என்று மூன்றைச் சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு என்கிறார். இந்தப் பதினொன்றில் பாரம்பரியமும் நேர்த்தியும் இல்லை. அத்தனையும் ஆளைப் போய்ப் பார்த்துக் கேட்டால்தான் தெரியக்கூடியவை.

யார் எழுதலாம் என்பதையும் விடவில்லை. தன் நூலைத் தானே புகழ்வது தகாது. அதனால் ஆசிரியனுடைய ஆசான், அவனோடு படித்தவன், அவன் மாணவன், உரை எழுதத் தக்கவன் என்ற நால்வரில் ஒருவர் பாயிரம் சொல்ல வேண்டும். நால்வரும் அந்த ஆளையோ அந்த நூலையோ கிட்ட இருந்து அறிந்தவர்கள். முப்பது வருஷமாக நெய்யும் அண்ணன் தன் சேலையைப் பற்றி ஒரு வார்த்தை உயர்த்திச் சொல்லமாட்டார். எட்டு வயதிலிருந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து நூல் எடுத்துக்கொடுத்த மகள் சொல்லலாம். அந்த இடம் அவளுடையது. அதைப் போன் பிடித்துக்கொள்ள அவள் விடக்கூடாது என்று எனக்குத் தோன்றியது, அதைச் சொல்லவும் செய்தேன்.

"அப்போ நான் என்ன கேக்கணும் சித்தப்பா?" என்றாள்.

எழுதித் தா என்று கேட்காதே, என்னைக் கேள்வி கேள் என்று சொல் என்றேன். ஒவ்வொன்றாகக் கேள், நான் சொல்லாத எதையும் சேர்க்காதே, போதாவிட்டால் இன்னும் கேள். அப்படியே தட்டினாள். அது கேட்க ஆரம்பித்தது. எந்த நிறம்? யார் நெய்தது? எத்தனை நாள்? ஜரிகை எந்த வகை? நெய்யும்போது மறக்க முடியாதது ஏதாவது நடந்ததா? உண்மையாகவே நல்ல கேள்விகள். பவணந்தியாரின் பட்டியலில் சிலவற்றை அதுவே தேடிப்போய்க் கேட்டது. கேள்விகளில் இவளுக்குத் தெரியாதது வந்தபோது உள்ளே குரல் கொடுத்தாள். தறியிலிருந்து பதில் வந்தது. அரக்கு உடல், மஞ்சள் கரை. பதினோரு நாள் வேலை. நடுவில் மழை பிடித்துக்கொண்டு தறிக்குழியில் தண்ணீர் ஊறி, மூன்று நாள் தறி ஓடவில்லை.

அவள் தட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பக்கத்து அறையில் அண்ணி இன்னொரு தறிக்குப் பாவு பிணைத்துக்கொண்டிருந்தார். நான் எழுந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள், நெய்து முடியும்போது அதன் கடைசி இழைகளைத் தறியிலிருந்து உருவிவிடுவதில்லை. அவை விழுதுக் கண்ணியிலும் அச்சுப் பல்லிலும் ஒழுங்காகக் கோத்து நிற்கின்றன. உருவிவிட்டால் ஆயிரக்கணக்கான இழைகளை முதலிலிருந்து கோக்க வேண்டும். அதனால் புதுப் பாவின் நுனியைப் பழைய பாவின் நுனியோடு ஒவ்வோர் இழையாகப் பிணைக்கிறார்கள். அண்ணி விரலைச் சாம்பலில் தொட்டுக்கொள்கிறார். இடது கையில் பழைய இழை, வலது கையில் புது இழை, இரண்டையும் சேர்த்து ஒரு திருகு. முடிச்சு இல்லை. முடிச்சுப் போட்டால் அச்சில் மாட்டும். திருகிய இடத்தை விரலால் தடவி மடக்கிவிட்டு அடுத்ததற்குப் போகிறார். கண் இழையில்தான், பேச்சு என்னோடு. எல்லாம் பிணைத்த பிறகு மெதுவாக இழுத்தால் பழையது முன்னால் போக, புதுப் பாவு அதே கண்ணி வழியாக, அதே பல் வழியாக உள்ளே வரும். அந்தத் தறியில் அடுத்த சேலை இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

திண்ணைக்குத் திரும்பினபோது புது வரிகள் வந்திருந்தன. முதல் இரண்டு வரி பழைய பழக்கம்: வரலாற்றுச் சிறப்புமிக்க ஆரணி மண்ணில் என்று. மூன்றாவது வரியில் மழை வந்தது, குழியில் தண்ணீர் ஊறியது. நான் சொல்வதற்கு முன்னால் அவளே முதல் இரண்டையும் அழித்தாள். பத்திரிகையில் வேலை பார்த்தவர்களுக்கு இது பழக்கமான விஷயம். மனுஷர் எழுதிய கட்டுரையிலும் பல நேரம் முதல் பத்தியை எடுத்துவிட்டு இரண்டாவதிலிருந்து ஆரம்பித்தால் சரியாக உட்காரும். "ஊறியதால்" என்பதை "ஊறிக்கிச்சு" என்று மாற்றினாள். பிறகு யோசித்து "ஊறிவிட்டது" என்றாள். ஹாஃப் ஃபைன் என்பதை ஒளிக்காமல் நான்காவது வரியிலேயே வைத்தாள். அண்ணனைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினாள்.

"நின்னது ரெண்டு நாள்தான். மூணாம் நாள் குழி காய வச்சேன், சாயங்காலம் ஓட்டினேன்," என்றார் அவர். மூன்றை இரண்டாக்கினாள்.

அண்ணி கையில் சாம்பலோடு வாசல்படிக்கு வந்து நின்று அதுவரை கேட்டுக்கொண்டிருந்தார். "எல்லாம் போட்டே. பிணைச்சது யாருன்னு போடலையே."

பெண் தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். போனில் இருந்ததை எல்லாம் கீழே தள்ளி, மேலே ஒரு வரிக்கு இடம் விட்டாள். "அந்தப் பாவு எத்தனை நாள்மா ஆச்சு உனக்கு?"

"ஒன்றரை நாள்," என்றார் அண்ணி.