ஓராண்டு தாமதமாக வரும் பணம்

அமெரிக்கப் பள்ளி மாவட்டம் எதுவும், பணமில்லை என்று சொல்லி மாற்றுத்திறன் மாணவரின் கல்வியை மறுக்க முடியாது. 1972-இல் வாஷிங்டனின் மில்ஸ் வழக்கிலேயே நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. 1999-இல் செடார் ராபிட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், வென்டிலேட்டர் துணையோடு படிக்கும் மாணவனுக்குப் பள்ளி நேரம் முழுவதும் செவிலியர் பராமரிப்பு தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. செலவு அதிகம் என்ற வாதத்தை ஏற்கவில்லை. உரிமையில் சந்தேகமில்லை. செலவை யார் ஏற்பது என்பதில்தான் இழுபறி. சராசரி மாணவர் செலவில் 40 விழுக்காடு வரை மத்திய அரசு தரலாம் என்றது 1975-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த அளவை மத்திய அரசு ஒருமுறைகூட எட்டியதில்லை.

இந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ள மாசசூசெட்ஸ் வைத்திருக்கும் ஏற்பாடு ‘சர்க்யூட் பிரேக்கர்’. ஒரு மாணவருக்கு ஆகும் செலவு, மாநிலம் கணக்கிடும் சராசரி அடிப்படைச் செலவைப்போல் நான்கு மடங்கைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 75 விழுக்காட்டை மாநிலம் திருப்பித் தரும். வரம்பு அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ 50,000 டாலர். உறைவிடப் பள்ளியில் படிக்கும் ஒருவருக்கு 1,50,000 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாநிலம் 75,000 தரும். மற்ற 75,000 மாவட்டத்தின் பொறுப்பு. 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வெளிமாவட்டப் பள்ளிகளுக்கான போக்குவரத்துச் செலவையும் இதில் சேர்த்தது. நல்ல திருத்தம்.

ஆனால் இந்த ஆண்டு செலவழித்த பணம் அடுத்த ஆண்டுதான் வருகிறது. பெரிய நகரம் தாங்கிக்கொள்ளும். சில நூறு மாணவர்களே உள்ள சிற்றூரில் வசந்தகாலத்தில் ஊர்க்கூட்டம் பட்ஜெட்டை முடித்துவிடுகிறது. குளிர்காலத்தில் ஒரு குழந்தைக்கு விபத்தில் மூளைக்காயம் ஏற்பட்டால், அந்தச் செலவு இசை ஆசிரியரின் பணியிடத்திலிருந்தோ நூலகத்திலிருந்தோதான் வரவேண்டும். பிறகு ஊரார் அந்தக் குழந்தையின் பெற்றோரைப் பார்க்கும் பார்வை மாறுகிறது. இந்தக் கொடுமைக்கு விதிமுறையே காரணம் என்று நான் நினைக்கிறேன். ஒரு விதிவிலக்கு உண்டு: மாவட்டம் உரிமைகோரும் செலவு முந்தைய ஆண்டைவிட 25 விழுக்காடு உயர்ந்தால் அந்த ஆண்டிலேயே சிறப்பு நிவாரணம் கேட்கலாம். அந்த வழி எல்லா மாவட்டங்களுக்கும் இயல்பான வழியாக வேண்டும். 75 விழுக்காடு என்பதும் ஆண்டுதோறும் ஒதுக்கீட்டைப் பொறுத்ததே. 2010 நிதியாண்டின் நெருக்கடியில் அது 50 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

மாற்றுத்திறன் மாணவருக்குத் தனிநபர் கல்வித் திட்டம் எழுதும் பள்ளியாரான நம் பங்கும் இதில் உண்டு. வெளிப்பள்ளிக் கட்டணத்துக்கு ஒரே ரசீது போதும். நம் பள்ளியிலேயே தரும் சேவைக்கோ, தனிநபர் கல்வித் திட்டத்தில் எழுதப்பட்ட மணிக்கணக்கை வைத்துத்தான் ஈட்டுத்தொகை கேட்க முடியும். பேச்சுப் பயிற்சி வாரத்துக்கு எத்தனை நிமிடம், உதவியாளர் அந்தக் குழந்தைக்கு மட்டுமா, மூவருக்குப் பொதுவா, செவிலியர் பேருந்திலும் உடன் வருகிறாரா? “தேவைக்கேற்ப” என்று எழுதிவிட்டால் அந்த உழைப்பு கணக்கில் ஏறாது. அப்படி விடுபடும்போது, குழந்தையைத் தன் ஊர்ப் பள்ளியிலேயே வைத்துப் படிப்பிக்கும் மாவட்டம்தான் அதிகம் இழக்கிறது.